பிரதோஷத்தில் மலை, அமாவாசையில் கடல்

ஆடி அமாவாசைக்குச் சுந்தர மகாலிங்கம் கோயில் இருக்கும் சதுரகிரி மலை ஏறுவதாக நேர்ந்துகொண்ட நம் ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு வருஷாவருஷம் வரும் சிக்கல் இது. அன்றைக்கே சேதுக்கரையிலோ, தேவிபட்டினத்திலோ, அக்னி தீர்த்தத்திலோ முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தாக வேண்டும். தர்ப்பணத்தை முடித்துக்கொண்டு வண்டி ஏறினால், மலையடிவார வாசலான தாணிப்பாறை போய்ச் சேரும்போது மேலே விடும் நேரம் முடிந்திருக்கும். வாசலில் நின்று கெஞ்சியும் பயன் இருக்காது.

முந்தின பிரதோஷத்தன்றும் மலைக்கு விடுவார்கள். அன்று ஏறி அன்றே இறங்கி, மறுநாள் ஊர் திரும்பிவிட்டால் அமாவாசை விடியலில் கடலில் நிற்கலாம். கூட்டமும் அமாவாசை அளவுக்கு நெருக்காது. நாளும் நேரமும் அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்புவதற்கு முன் விருதுநகர் பக்கச் செய்தியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து மதுரை, அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பிடித்துக் கிருஷ்ணன்கோவிலில் இறங்கினால் வத்திராயிருப்பு, அதற்கப்புறம் தாணிப்பாறை. முதல் நாள் மாலையே வந்து தங்கிவிடுவது நல்லது. விசேஷ நாட்களில் ஆட்டோவுக்குக் கேட்கிற தொகையைக் கேட்டால் மலையே ஏறவேண்டாம் என்று தோன்றும். சிறப்புப் பேருந்து விடுவார்கள், கொஞ்சம் காத்திருங்கள்.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பாட்டில், கேரிபேக், தீப்பெட்டி, பீடி, சிகரெட் எல்லாம் அங்கேயே போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக 2021-ல் அறிவிக்கப்பட்ட காடு இது, கெடுபிடி நியாயம்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். வழியில் ஊற்றுகள் உண்டு, ஆனால் ஆடியில் எது ஓடும் எது வற்றும் என்று சொல்ல முடியாது. புளியோதரையும் கடலை மிட்டாயும் தாங்கும். தயிர்சாதம் வெயிலில் புளித்து வயிற்றைக் கெடுக்கும். வியர்த்துக் கொட்டுகிறவர்கள் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் பாதி மலையில் ஆடுசதை இழுத்துப் பிடிக்கும். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில் தனியாக இருக்கட்டும். மேலே சோறு கிடைக்கும், இரவு தங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். நல்ல நடைக்காரர்களுக்கு மூன்று மணி நேரம், வயசானவர்களுடன் போனால் ஐந்துகூட ஆகும். மணலில் நடந்து பழகிய கால் நமக்கு. மணல் கொடுத்து வாங்கும், கல் கொடுக்காது. வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்தவர்கள் ஒரு மாதம் முன்பிருந்தே தார்ரோட்டில் காலைப் பழக்கிவிடுங்கள். ரப்பர் செருப்பு மட்டும் ஆகவே ஆகாது, ஈரப்பாறையில் முதலில் வாரிவிடுவது அதுதான். இறங்கும்போதுதான் முழங்கால் போகிறது: பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, குட்டையடி வைத்து, அடிவாரத்தில் வாங்கிய கம்பை முன்னால் ஊன்றி இறங்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிதாகச் சொல்ல வேண்டியது ஓடையைப் பற்றி. வடகடலும் தென்கடலும் பார்த்தவர்களுக்கு முழங்கால் தண்ணீர் ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆபத்து அங்கேதான். கடல் காற்றைக் காட்டும், நிறம் மாறும், கரைக்குத் திரும்ப நேரம் கொடுக்கும். ஓடை எதையும் காட்டாது. ஆடியில் நம் கரையில் வறண்டு வீசுகிற அதே கச்சான், அந்த மேற்குக் காற்றுதான் மேற்குமலையின் அந்தப் பக்கம் மழையாகக் கொட்டுகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை மாங்கனி ஓடைக்கு வந்துவிடும். 2015 மே மாதம் அப்படித் திடீரென்று பெருகிய வெள்ளத்தில் பக்தர்கள் பலர் உயிரிழந்தார்கள். தண்ணீர் கலங்கினால், சருகு மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் இறங்காதீர்கள். மேட்டில் உட்கார்ந்து வடியும்வரை நாமம் சொல்லுங்கள். போகாதே என்று வனக்காவலர் சொன்னால் அது சாமி வாக்கு.

அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்பதை வழியெல்லாம் பாறையிலேயே பார்க்கலாம். சுழலில் மாட்டிய கூழாங்கல் சுற்றிச் சுற்றி அரைத்த குழிகள் உரல் மாதிரி வட்டமாக இருக்கும். வழுக்குப்பாறையின் சரிவோ காலங்காலமாக நீரும் பாதங்களும் தேய்த்தது. குனிந்து, கையையும் ஊன்றி ஏறுங்கள், வெட்கம் வேண்டாம். கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பெரிய பசுக்கிடை என்று ஒவ்வொன்றிலும் நின்று கும்பிட்டுப் போனால் மூச்சும் தானாகச் சீராகும். காவல் தெய்வமான பிலாவடிக் கருப்பரிடம் உத்தரவு கேட்டுவிட்டால் கோயில் வந்துவிட்டது.

கோயிலைத் தாண்டி இருக்கும் பெரிய மகாலிங்கத்துக்கும் தவசிப்பாறைக்கும் தனி வழி காட்டுகிறேன் என்று யாராவது காதோரம் வந்து பணம் பேசுவார்கள். வனத்துறை விடாத நாளில் அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள். சித்தர் கொடுத்த மூலிகை என்று விற்கிறதையும் வாங்கி வாயில் போடாதீர்கள்.

சுந்தர மகாலிங்கத்தை அபிஷேக நேரத்தில் பார்க்க வேண்டும். அலங்காரம் சார்த்திவிட்டால் அந்தச் சாய்வு அவ்வளவாகத் தெரியாது. உளி படாத பாறை, ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறார். பால் நேரே கீழே விழாமல், சரிவு பார்த்து, மாடு மேய்த்த பச்சைமால் தெரியாமல் அடித்த தழும்பைத் தொட்டு, ஒதுங்கி வழிகிறது. வரிசையில் பின்னாலிருந்து தள்ளுவார்கள், நகரச் சொல்லுவார்கள். கிடைப்பது நாலைந்து மூச்சு நேரம். மனுவெல்லாம் படியிலேயே சொல்லி முடித்துவிடுங்கள், அங்கே போய்க் கண்ணை மூடாதீர்கள். அடித்தவனுக்கே இரங்கி, அடிபட்ட கோலத்திலேயே இருந்துவிட்டாரே! அவரைப் பார்த்த பிறகு எதைக் கேட்பது?

பக்கத்துக் கோயில் சந்தன மகாலிங்கத்தையும் சேவித்துவிட்டு, வாசல் மூடும் நேரத்தைக் கணக்கிட்டு இறங்க வேண்டும், டார்ச் கையில் இருக்க வேண்டும், குரங்குக்குப் பையைக் கொடுக்கக் கூடாது என்று இன்னும் எத்தனையோ சொல்ல இருக்கிறது. அதெல்லாம் கிடக்கட்டும். புயலுக்கு முன்னால் கரை சேர்ந்த படகுகளுக்கும், காய்ச்சல் இறங்கிய குழந்தைகளுக்கும், தாலி நிலைத்த வீடுகளுக்கும், இந்தக் காலை இத்தனை தூரம் ஏற வைத்ததற்கும், அப்பனே சுந்தர மகாலிங்கமே, உனக்குக் கோடி நமஸ்காரம்.