கிரேச்சோவின் வைக்கோல்

கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் இரண்டாம் வாரத்தில், இத்தாலியின் ரியேத்தி பள்ளத்தாக்கை மூடிக்கிடந்த காலைப் பனிமூட்டத்தைக் கீழே விட்டுவிட்டு எங்கள் பேருந்து கிரேச்சோவின் மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது, திருப்பயணிகள் அனைவரும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கையிலும் செபமாலை இருந்தது. என் உதடுகளும் அசைந்தன. ஆனால் ஓராண்டுக்கும் மேலாக, என் தாயாரை அடக்கம் செய்த நாளிலிருந்து, என் செபம் உதடுகளைத் தாண்டி உள்ளே இறங்கியதில்லை. நம்பிக்கை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஞாயிறு திருப்பலியை நான் தவறவிடவில்லை. வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆனால் கூப்பிட்டால் குரல் கொடுக்க உள்ளே ஒருவரும் இல்லை என்பது போன்ற நிலை அது.

முந்தின நாள் ரோமையில் புனித மரியா பெருங்கோவிலுக்குச் சென்றிருந்தோம். முதன்மைப் பீடத்தின் அடியில், இயேசு பாலன் கிடத்தப்பட்ட தொட்டியின் பகுதிகள் என்று பல நூற்றாண்டுகளாக வணங்கப்பட்டு வரும் அத்திமர வகைக் கட்டைகள் ஒரு பேழையில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து ஒரு சிறு துண்டு 2019ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெத்லகேமுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உடன் வந்தவர்களில் சிலர் அங்கே முழந்தாளிட்டுக் கண்ணீர் விட்டார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பக்கவாட்டில், 'பிரான்சிஸ்குஸ்' என்ற ஒரே சொல் பொறிக்கப்பட்ட திருத்தந்தை பிரான்சிசின் கல்லறையருகே சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் நாங்கள் போகவிருந்த கிரேச்சோவில்தான், 2019 டிசம்பர் 1ஆம் நாள், திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று, கிறிஸ்து பிறப்புக் குடிலின் பொருளைப் பற்றிய தம் திருத்தூது மடலில் அவர் கையொப்பமிட்டார் என்பது வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கிரேச்சோ திருத்தலத்தைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது, பாறையின்மேல் கட்டடம் எழுப்பப்பட்டதா, பாறையே கட்டடமாகத் திரும்பி நிற்கிறதா என்று சொல்வது கடினம். ரியேத்தி பள்ளத்தாக்கைச் சூழ்ந்துள்ள நான்கு பிரான்சிஸ்கன் திருத்தலங்களில் இது ஒன்று. உள்ளே நுழைந்ததும் வழிகள் குறுகிவிடுகின்றன. தலை குனியாமல் சில வாயில்களைக் கடக்க முடியாது. புனித பிரான்சிஸ் அசிசியார் படுத்துறங்கிய இடம் என்று காட்டப்படுவது வெறும் பாறைத்தளம்தான்.

குடில் சிற்றாலயம் மிகச் சிறியது. பிரான்சிஸ் புனிதராக உயர்த்தப்பட்ட 1228ஆம் ஆண்டிலேயே, 1223இல் அவர் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைத்த இடத்தின்மேல் அது எழுப்பப்பட்டது. பீடத்தின் கீழே பாறை தெரிகிறது. தொட்டி வைக்கப்பட்டது அங்கேதான் என்பது மரபு. மேலே சுவரோவியம்: ஒரு பகுதியில் பெத்லகேம், மரியா பாலனுக்குப் பாலூட்டுகிறார், மற்றொரு பகுதியில் கிரேச்சோ, திருத்தொண்டருக்குரிய உடையில் பிரான்சிஸ் பாலன்முன் முழந்தாளிட்டிருக்கிறார். இரண்டு ஊர்களையும் ஓவியர் ஒரே சுவரில் வைத்துவிட்டார்.

எங்களை அழைத்துச் சென்ற அருள்பணியாளர் அங்கே நின்று 1223ஆம் ஆண்டின் நிகழ்ச்சியைச் சொன்னார். அந்த ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் பிரான்சிசின் துறவற சபை ஒழுங்குக்கு ஒப்புதல் அளித்திருந்தார். அதன்பின், கிறிஸ்து பிறப்புக்கு ஏறத்தாழ 15 நாள்கள் இருக்கையில், கிரேச்சோவில் இருந்த ஜொவான்னி என்னும் உயர்குடி நண்பரைப் பிரான்சிஸ் அழைத்து, பெத்லகேமில் பிறந்த குழந்தைக்கு ஒரு குழந்தைக்குத் தேவையானவை எவையும் இல்லாமல் போன அந்தத் துன்பத்தையும், தொட்டியில் அது கிடந்த விதத்தையும், காளையும் கழுதையும் அருகில் நிற்க வைக்கோலின்மேல் அது படுத்திருந்ததையும் தம் ஊனக்கண்களால் காண வேண்டும் என்று தாம் விரும்புவதாகவும், அதற்கான ஏற்பாடுகளை முன்னதாகச் சென்று செய்யும்படியும் கேட்டுக்கொண்டார். இதை எழுதி வைத்தவர், பிரான்சிசின் வாழ்க்கை வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா. நிகழ்ச்சி நடந்து ஆறு ஆண்டுகளுக்குள் அவர் எழுதிவிட்டார்.

எங்கள் குழுவில் மிக மூத்தவரான ஓர் அம்மா, கைத்தடியை ஊன்றியபடி கேட்டார்: "அப்போ மாதா சுரூபம், சூசையப்பர் சுரூபம் எதுவுமே வைக்கலையா, சாமி?"

"இல்லைங்கம்மா. தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை. அவ்வளவுதான்."

"குழந்தை இயேசு?"

"அந்தத் தொட்டியை வைத்துத் திருப்பலி நிறைவேற்றினார்கள், அம்மா. அப்பத்தில் வந்தார்."

அந்த அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. மெல்லச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு தலைகுனிந்தார்.

அந்த உரையாடல் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. குடில் என்றால் நமக்குச் சுரூபங்கள்தாம். மரியா, யோசேப்பு, இடையர்கள், ஞானிகள், வானதூதர் என்று ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் வைத்து, நடுவில் பாலனை வைத்துவிட்டால் குடில் நிறைவடைந்துவிட்டது என்று எண்ணுகிறோம். அதில் தவறில்லை, அந்த உருவங்களின்முன் செபிக்கக் கற்றுக்கொண்ட கோடிக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். ஆனால் பிரான்சிஸ் கேட்டது வெற்றுத் தொட்டியை. அதை நிரப்புவது தம் வேலையன்று என்று அவர் அறிந்திருந்தார். சிறிது காலத்துக்குப்பின் அந்தத் தொட்டி இருந்த இடத்தில் பீடம் எழுந்ததைக் குறிப்பிடும் தோமா, முன்பு விலங்குகள் வைக்கோல் தின்ற இடத்தில் இனி மனிதர் தம் உடல், ஆன்ம நலனுக்காகக் கிறிஸ்துவின் திருவுடலை உண்பர் என்ற பொருள்பட எழுதுகிறார்.

லூக்கா தம் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் அந்தத் தொட்டியை மூன்று முறை குறிப்பிடுகிறார்: மரியா பாலனைக் கிடத்தும்போது ஒரு முறை, வானதூதர் இடையருக்கு அடையாளம் சொல்லும்போது ஒரு முறை, இடையர்கள் வந்து காணும்போது ஒரு முறை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'முன்னணை' என்றது. கேட்க இனிய சொல். அதிலுள்ள 'அணை' என்பது ஏதோ மெத்தையை நினைவூட்டிக் கொஞ்சம் ஆறுதலும் தருகிறது. இப்போது நாம் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அது 'தீவனத் தொட்டி'. முதலில் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அன்று அந்தப் பாறைமுன் நின்றபோது, அதுவே சரியான சொல் என்று உணர்ந்தேன். பசியோடு வரும் உயிர் வாய் வைக்கும் இடத்தில், அப்பத்தின் வீடு என்று பொருள்படும் ஊரில், தம்மை உணவாகத் தரப்போகிறவரைக் கிடத்தினார்கள். மெத்தையின் நினைவுக்கு அங்கே இடமில்லை.

காளையும் கழுதையும் லூக்காவின் பக்கத்தில் இல்லை. அவை எசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து வந்து குடிலில் நின்றவை. காளை தன் உடைமையாளரை அறியும், கழுதை தன் தலைவன் தீனி போடும் இடத்தை அறியும், என் மக்களோ அறியவில்லை என்று ஆண்டவர் மனம் நொந்து சொல்லும் இடம் அது. குடிலின் ஓரத்தில் அழகுக்காக நிற்கின்றன என்று நான் நெடுங்காலம் கருதியிருந்த அந்த இரண்டு விலங்குகளும் உண்மையில் நம்மை நோக்கிய ஒரு வருத்தத்தைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. அவை செபிப்பதில்லை, உணர்ச்சிவயப்படுவதில்லை. தீனி எங்கே கிடைக்கும் என்று அவற்றுக்குத் தெரியும். பசித்தால் அங்கே வந்து நிற்கும். என்னால் இப்போது முடிந்தது அதுதான் என்று தோன்றியது. "ஆண்டவரே, எனக்கு எதையும் உணர முடியவில்லை. ஆனாலும் தொட்டி இருக்கும் இடத்துக்கு வந்து நிற்கிறேன்" என்று மனத்துக்குள் சொன்னேன். ஓராண்டில் நான் சொன்ன செபங்களில் பொய் கலவாத முதல் செபம் அது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த இரவைப் பற்றித் தோமா விரித்து எழுதுகிறார். சுற்றுவட்டாரத்து ஆண்களும் பெண்களும் மெழுகுவர்த்திகளும் தீப்பந்தங்களும் ஏந்தி வந்தார்கள். காடு குரல் கொடுத்தது, பாறைகள் எதிரொலித்தன. திருத்தொண்டராகிய பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி, மறையுரை ஆற்றினார். இயேசு என்ற பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அன்பு மிகுந்து 'பெத்லகேமின் குழந்தை' என்றார். பெத்லகேம் என்ற சொல்லை ஆட்டுக்குட்டி கத்துவதைப் போல உச்சரித்தார். அந்தப் பெயர்களைச் சொல்லும்போது அவற்றின் இனிமையைச் சுவைப்பவர்போல் உதடுகளை நாவால் தடவிக்கொண்டார்.

ஆயினும் என் மனம் அந்த இரவைவிட, அதற்கு முந்தைய 15 நாள்களிடமே திரும்பத் திரும்பப் போயிற்று. அந்த நாள்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. ஜொவான்னி தொட்டிக்கு ஏற்பாடு செய்திருப்பார், வைக்கோல் கொண்டுவரச் சொல்லியிருப்பார், காளையையும் கழுதையையும் இந்தச் செங்குத்தான சரிவில் ஏற்ற வழி பார்த்திருப்பார். எல்லாம் கை வேலை. அவர் செல்வாக்குள்ளவர், மிகுந்த மதிப்புப் பெற்றவர். ஆனால் குலப் பெருமையைப் பொருட்படுத்தாமல் ஆன்மாவின் மேன்மையை நாடியவர் என்று தோமா அவரைப் புகழ்கிறார். அவருடைய திருவருகைக்காலம் வைக்கோலோடு கழிந்தது. அந்த நாள்களில் அவர் உள்ளத்தில் என்ன இருந்தது, அவருக்குச் செபம் வந்ததா வறண்டிருந்ததா என்பதைப் பற்றிய ஒரு வரியும் நமக்கு விடப்படவில்லை. சொன்ன வேலையைச் செய்தார் என்பது மட்டும் இருக்கிறது.

அன்றிரவு திருப்பலியின்போது, அங்கிருந்த நல்லவர் ஒருவருக்கு ஒரு காட்சி கிடைத்தது. வெறுமையாக இருந்த தொட்டியில் ஒரு குழந்தை உயிரற்றதுபோல் கிடக்கக் கண்டார். பிரான்சிஸ் அருகில் சென்று, ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்புவதுபோல் அதை எழுப்பினார். கண்டவர் யார் என்று தோமா பெயர் சொல்லவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து பிரான்சிசின் வரலாற்றை எழுதிய புனித பொனவெந்தூர், அவர் ஜொவான்னியே என்று குறிப்பிடுகிறார். வைக்கோல் விரித்தவருக்கே குழந்தை தெரிந்தது. இந்தக் காட்சி பொருத்தமானதே என்கிறார் தோமா. ஏனெனில் பலருடைய உள்ளங்களில் மறக்கப்பட்டுக் கிடந்த குழந்தை இயேசு, தம் ஊழியர் பிரான்சிஸ் வழியாக மீண்டும் எழுப்பப்பட்டார்.

இந்த இடத்தை நான் முன்பும் வாசித்திருக்கிறேன். 'உயிரற்றதுபோல்' என்ற சொல் அப்போது கண்ணில் பட்டதில்லை. என் உள்ளே இருந்த மௌனத்தை ஓராண்டாக நான் மரணம் என்றே கருதியிருந்தேன். தாயாரோடு சேர்த்து அதையும் புதைத்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். தொட்டியில் கிடந்த குழந்தையைப் பார்த்தவருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆனால் அது உறக்கம். எழுப்ப ஒருவர் வந்தார். அவர் வரும்வரை அக்குழந்தை ஜொவான்னி கொண்டுவந்த வைக்கோலின்மேல் கிடந்தது.

குழுவினர் புதிய கோவிலில் வைக்கப்பட்டிருக்கும் பல நாட்டுக் குடில்களைப் பார்க்கச் சென்றார்கள். நானும் போனேன், அழகானவை பல இருந்தன, ஆனால் கால்கள் நிலைகொள்ளவில்லை. சிற்றாலயத்துக்குத் திரும்பிவந்தேன். கைத்தடி ஊன்றிய அந்த அம்மா அங்கேயே இருந்தார். படிகள் ஏற முடியாததால் தங்கிவிட்டதாகச் சொன்னார். இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

குடிலில் எப்போதும் சற்றுப் பின்னால் நிற்கும் புனித யோசேப்பை, வீரமாமுனிவர் 'வளன்' என்று தமிழில் அழைத்த அந்த நீதிமானை நினைத்துக்கொண்டேன். நற்செய்தியில் அவர் பேசிய ஒரு சொல்லும் பதிவாகவில்லை. எழுந்தார், அழைத்துச் சென்றார், பெயரிட்டார் என்று வினைகளாகவே வருகிறார். சத்திரத்தில் இடமில்லாமல் போன அந்த இரவில், தொட்டியைத் துடைத்து வைக்கோலைச் சீராக்கியது அவருடைய கைகளாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அவரிடம் கேட்டேன்: "வளனாரே, இந்தத் திருவருகைக்காலத்தில் எனக்குச் சொற்கள் வேண்டாம். செய்வதற்கு ஒரு சிறு வேலையைக் காட்டும்."

என் தாயார் குடில் அமைக்கும்போது வைக்கோலை ஒவ்வொரு தாளாகப் பார்ப்பார். முட்போல் குத்தும் தண்டு இருந்தால் எடுத்துவிடுவார். சுடுமண் சுரூபத்துக்கு எங்கே வலிக்கப்போகிறது என்று சிறு வயதில் நான் கேட்டதுண்டு. அவர் பதில் சொன்னதாக நினைவில்லை, தொடர்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். பீடத்தடியில் தெரிந்த அந்தப் பாறையைப் பார்த்தபடி இருந்தபோது அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. அப்போது அழுகை வந்தது. ஓராண்டாக வராதது.

அருகிலிருந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்துத் தம் செபமாலையை எடுத்து, மகிழ்ச்சி மறையுண்மைகளில் மூன்றாவதை, இயேசுவின் பிறப்பை, மெல்லிய குரலில் தொடங்கினார். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று அவர் சொல்லி நிறுத்த, "புனித மரியே, இறைவனின் தாயே" என்று நான் தொடர்ந்தேன். பத்து மணிகள் முடியும்வரை ஒரு மணியும் என் விரலில் தங்கி நிற்கவில்லை.

கீழே பேருந்து புறப்படத் தயாராகிவிட்டதாகச் செய்தி வந்தது. அவர் எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாழ்ந்த வாயிலில் இருவரும் ஒருவர்பின் ஒருவராகத் தலைகுனிந்து வெளியே வந்தோம்.