கண் மஞ்சளானதற்கு டிபிஎன் பையை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன்

இந்த வாரம் மகளின் டைரக்ட் பிலிரூபின் 0.6. ஐந்து மாதத்துக்கு முன் 5.2. டைரக்ட் என்பது ஈரல் பதப்படுத்தியும் பித்தத்தோடு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும் மஞ்சள் நிறமி. நடுவில் பட்ட அலைச்சலில் பாதி, கிருமி பார்க்க ரத்தம் எடுத்த பாட்டில்மேல் யாரும் ஒரு வார்த்தை எழுதாததால் வந்தது.

குறைமாதத்தில் பிறந்தவள். குடல் அழுகிப்போய் சிறுகுடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வீட்டிலேயே ராத்திரி 12 மணி நேரம் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் நிரந்தரமாகப் போட்ட மெல்லிய குழாய்) வழியாக டிபிஎன், அதாவது ரத்தத்தில் நேரடியாக ஏற்றும் முழு ஊட்டச்சத்து, பகலில் வாய்வழியாகச் சில மில்லி பால். பழகிவிட்டது.

கண்ணில் மஞ்சள் தெரிந்ததும் ரத்தம் கொடுத்தோம். வந்த ரிப்போர்ட்டில் மொத்த பிலிரூபின் மட்டும்தான். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டைரக்ட் எங்கே?" என்றார். மறுபடி ஊசி. இந்தமுறை லிப்பிட் (டிபிஎன்னில் சேரும் கொழுப்புத் திரவம்) ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். சீரம் பால்போல் வெளுத்திருக்கிறது, அளவு நம்ப முடியாது என்று லேபிலிருந்து போன். மூன்றாவது தடவைதான் உருப்படியாக வந்தது: 2.8. பிறந்த குழந்தைகளை வைக்கும் நீல விளக்கில் வைத்தால் போதாதா என்று கேட்டேன். டைரக்ட் ஏறியிருந்தால் விளக்கு உதவாதாம்.

டிபிஎன்னில் மஞ்சள் ஏன் வருகிறது என்று டாக்டர் விளக்கினார். வாயில் உணவு போகாவிட்டால் பித்தப்பை சுருங்காது, பித்தம் தேங்கும். சோயா எண்ணெய் லிப்பிட்டில் உள்ள தாவர ஸ்டெரால்கள் பித்தம் வெளியேறுவதைத் தடுக்கும். குளுக்கோஸ் அளவுக்கு மிஞ்சினால் ஈரலில் கொழுப்பாகப் படியும். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த வெள்ளைப் பைதான் எதிரி. லிப்பிட்டை நாளைக்குக் கிலோவுக்கு 1 கிராமாகக் குறைத்தார்கள். இனி இறங்கிவிடும் என்று இருந்தேன்.

ஒரு ராத்திரி பையை மாட்டி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, உடம்பு உதறியது. காய்ச்சல் 39. லைன் உள்ள குழந்தைக்கு இப்படி வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். பக்கத்து மருத்துவமனை எமர்ஜென்சிக்கு ஓடினோம். பையை நிறுத்தினார்கள், சரி. ஆனால் மாற்றாகக் குளுக்கோஸ் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை. குழந்தை துவண்டபோது நான் கத்தித்தான் சர்க்கரை பார்த்தார்கள்: 42. தயவுசெய்து இதை மறக்காதீர்கள், டிபிஎன் சட்டென்று நின்றால் சிறு குழந்தைக்குச் சர்க்கரை சரியும்.

அடுத்தது கல்ச்சர், அதாவது ரத்தத்தைப் பாட்டிலில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. லைனிலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று என்று சரியாகத்தான் எடுத்தார்கள். இரண்டிலும் பெயர் இருந்தது, நேரம் இருந்தது. எது எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் இல்லை. லைன் பாட்டிலில் 2 மணி நேரமாவது முந்திக் கிருமி வளர்ந்தால் கிருமி லைனில் குடியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். எங்களுக்கு இரண்டிலும் வளர்ந்தது, ஒன்றில் நாலு மணி நேரம் முந்தி. எதில்? யாருக்கும் தெரியாது. லைனை விட்டுவைத்து மருந்து கொடுத்தார்கள். முடித்த ஒரே வாரத்தில் அதே கிருமி, அதே உதறல். அப்புறம்தான் லைனை எடுத்தார்கள்.

அந்த நாட்களில்தான் 5.2. மலம் சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்தது. லிப்பிட் குறைத்தும் ஏன் ஏறுகிறது என்று சண்டைக்குப் போனேன். "பையை மட்டும் பார்க்காதீங்க" என்றார் டாக்டர். கிருமி ஈரலுக்குள்ளேயே புகவேண்டும் என்றில்லையாம். அதன் நச்சு ரத்தத்தில் வந்து சேர்ந்தாலே ஈரலின் காவல் செல்கள் அழற்சிப் பொருட்களைச் சுரக்கும். பித்தத்தை வெளியே தள்ளும் பம்புகள் படுத்துவிடும். ஏற்கெனவே டிபிஎன்னால் திணறும் ஈரல் என்றால் கேட்கவே வேண்டாம். பட்டினி கிடக்கும் குடலிலிருந்தும் கிருமி கசிந்து போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக நேரே ஈரலுக்குப் போகலாம். வாய்வழிப் பாலை ஒரு மில்லியாவது விடாதே என்று அவர்கள் அடித்துக்கொண்டது அதனால்தானாம்.

புது லைன் போட்டார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் அதற்குள் கிருமி வளராமல் தடுக்கும் டாரோலிடின் மருந்தை நிரப்பி மூடுகிறோம். லிப்பிட் மீன் எண்ணெய்க்கு மாறியது. பால் மெல்ல ஏறியது.

போன மாதம் மறுபடி காய்ச்சல். என் கைப்பையில் மார்க்கர் பேனா வைத்திருந்தேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் சார்" என்றார் நர்ஸ். பரவாயில்லை மேடம் என்று சொல்லிவிட்டு கல்ச்சர் பாட்டில்கள்மேல் நானே 'லைன்', 'கை' என்று பெரிதாக எழுதினேன். அதன்பிறகுதான் முதல் டோஸ் மருந்தை ஏற்றவிட்டேன். இரண்டிலும் ஒன்றும் வளரவில்லை. வெறும் சளிக்காய்ச்சல்.