தராசு சொன்ன இடம்

ஜூன் 9, 2025, திங்கள்

கொழும்புப் புறக்கோட்டை மொத்தக் கடையின் தராசு எழுதும் லொக்கை (பதிவுக் கோப்பை) திறக்க, பெர்ல் மொழியில் எழுதிய நிரலோடு நாள் முழுக்க மல்லுக்கட்டு. தராசோடு வந்த டிஎல்எல் (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் விண்டோஸ் நிரல் கோப்பு), தன் லொக் ஃபோல்டர் எது என்பதைச் சூழல் மாறி (ஓடும் நிரலுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் பெயரும் மதிப்பும்) ஒன்றில் எழுதி வைக்கும். அந்த டிஎல்எல்லை, பெர்லில் இருந்து டிஎல்எல்களைக் கூப்பிட உதவும் வின்32 ஏபிஐ மொடியூல் வழியாக அழைத்தேன். பிழை எதுவும் இல்லை. ஆனால் பெர்ல் சூழல் மாறிகளைக் காட்டும் ஈஎன்வி ஹாஷில் (பெயர்-மதிப்புப் பட்டியலில்) அந்த மாறியின் பெயரே கிடையாது. டிஎல்எல் எழுதியவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே 100 பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்தேன்.

ஜூன் 10, பொசன் போயா

விடுமுறைதான், ஆனாலும் மனம் கேட்கவில்லை. அதே நிரலுக்குள்ளிருந்து விண்டோஸின் கட்டளை நிரலான சிஎம்டியைக் கூப்பிட்டு, அந்த மாறியை எக்கோ செய்து காட்டச் சொன்னேன். மதிப்பு வந்தது! திட்டியதை வாபஸ் வாங்குகிறேன். பெர்ல், தான் தொடங்கும்போது இருந்த சூழலைப் பிரதி எடுத்து ஹாஷில் வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு டிஎல்எல் நேரே விண்டோஸிடம் எழுதுவது அந்தப் பிரதிக்கு வராது. நான் ஹாஷில் எழுதினால் மட்டும் விண்டோஸுக்குப் போகும். டுப்ளிகேஷன் ரோட் மாதிரி ஒருவழி.

ஜூன் 11, புதன்

விண்டோஸின் சொந்த டிஎல்எல்லான கர்னல்32இல், சூழல் மாறியைப் படித்துத் தரும் கெட்என்விரான்மென்ட்வேரியபிளை நேரே அழைத்தேன். விடை வந்து விழும் பஃபரை (நினைவக இடத்தை) முன்கூட்டியே இடைவெளி எழுத்துகளால் நிரப்பிக் கொடுக்கவேண்டும். சிறிதாய்க் கொடுத்தால், எவ்வளவு வேண்டும் என்ற எண் மட்டும் திரும்பி வரும்.

பாதை வந்தது, நடுவில் ??? என்று. முதலாளியின் மகன் விண்டோஸ் யூசருக்கு 'கடை' என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறான்; பாதையில் அந்தப் பெயரும் வருகிறது. இரண்டு எழுத்துக்கு ஏன் மூன்று கேள்விக்குறி? க, ட, ஐகாரக் குறி. அந்த அழைப்புக்கு இரண்டு வடிவங்கள்; நான் கூப்பிட்டது 'ஏ' என்று முடியும் வடிவம். அது பேசும் பழைய கோட்பேஜில் (எழுத்துகளுக்கான எண் அட்டவணையில்) தமிழுக்கு இடமே இல்லை.

"தம்பி, தராசு பழுதோ?"

"இல்லை முதலாளி, உங்கட மகன் வைச்ச பெயர்தான்."

பிளேன்டீ வந்தது.

ஜூன் 12, வியாழன்

யூனிகோட் பேசும் 'டபிள்யூ' வடிவத்துக்கு மாறினேன். மாறியின் பெயரை யூடிஎஃப்-16 என்ற யூனிகோட் முறைக்கு மாற்றி, முடிவில் இரண்டு பூச்சிய பைட் வைத்து அனுப்பினால், 'கடை' முழுசாக வந்தது. அப்புறம் பார்த்தால் பெர்லின் ஓப்பன் கட்டளை அந்த லொக் கோப்பைத் திறக்க மறுக்கிறது; அதுவும் பழைய கோட்பேஜ்தான். வின்32 என்ற இன்னொரு மொடியூலில் இருக்கும், பழைய கோட்பேஜுக்கு ஏற்ற பாதை தரும் கெட்ஆன்சிபாத்நேமிடம் பாதையைக் கொடுத்தேன். அலைக்குறி (~) போட்ட குட்டைப் பெயர் ஒன்றைத் தந்தது. லொக் திறந்தது. முதல் வரியிலேயே, போன வாரம் தராசு கேபிள் கழன்ற நேரம் இருந்தது.