இரண்டு பட்டை விபூதி

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் உறவு பெருகிவிடும். மற்ற மாதங்களில் செங்கோட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டதும் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாகப் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவார்கள். அந்தச் சனிக்கிழமையும் சென்னைச் சித்தப்பா குடும்பத்தைப் பழைய குற்றாலத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். போன வருடம் ஒரு கைபேசியை அருவிக்குக் காணிக்கையாகக் கொடுத்த அனுபவம் இருப்பதால், இந்த முறை அதை வீட்டிலேயே சார்ஜில் போட்டிருந்தேன். பக்கத்தில் என் நோட்டு.

நோட்டு என்றால் பிரவுன் அட்டை போட்ட, கோடு போட்ட நோட்டுதான். எந்த சர்வரில் எந்த அமைப்பை எப்படி மாற்றினேன், எந்த ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக அடுக்கிய சிறு நிரல்) எதற்கு, எல்லாம் அதில் மையால் எழுதியிருக்கும். அலுவலகத்தில் சிரிப்பார்கள். முன்பு நானும் கைபேசிக் குறிப்பில்தான் வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு கட்டளையை நண்பனுக்கு அனுப்பினேன். நேரான மேற்கோள் குறிகளைக் கைபேசி சுருள் சுருளாக அழகுபடுத்தி, இரண்டு சிறு கோடுகளை இணைத்து ஒரே நீளக் கோடாக்கி அனுப்பி வைத்தது. பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. அந்தக் கட்டளையை வாங்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு அழகுணர்ச்சி கிடையாது. நண்பன் இரண்டு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் என்னோடு மல்லுக்கட்டினான். மையால் எழுதினால் இரண்டு கோடு இரண்டு கோடாகவே இருக்கிறது. நிரல்களைச் சேமித்து வைக்கக் கிட் (Git) என்ற மென்பொருள் எதற்கு இருக்கிறது என்று கேட்காதீர்கள். இருக்கிறது. நல்ல நிரல்கள் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அவசரத்துக்கு வேண்டியது மட்டும் எப்போதும் எவனாவது ஒருவனின் நோட்டில்தான் கிடக்கிறது.

தலையில் எண்ணெயும் ஈரத் துண்டுமாக நான் வாசலில் கால் வைத்தபோது, அம்மா கரண்டியை உயர்த்தி “சத்தம் போடாதே” என்று சைகை காட்டினாள். உள்ளே அப்பா என் நோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, சார்பதிவாளர் முன்னால் பத்திரம் வாசிக்கும் குரலில் போனில் வாசித்துக்கொண்டிருந்தார்.

அப்பா நாற்பது வருடம் பத்திர எழுத்தராக இருந்தவர். மறுமுனையில் இருந்தவன் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி. கேரளத்து ஆரியங்காவுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அன்று புனலூரில் ஒரு முந்திரி வியாபாரியின் கடையில் பில் போடும் கணிப்பொறிப் பெட்டியை அமைத்துக்கொண்டிருந்தான். மழையில் இணையம் போய்விட்டது. கறுப்புத் திரையும் விசைப்பலகையும்தான் மிச்சம். ராத்திரி பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் என் நோட்டில் இருப்பது அவனுக்குத் தெரியும். பில் மென்பொருளை நிறுத்து, கணக்கைப் படியெடு, ஏழு நாளுக்கு மேற்பட்ட படிகளை அழி, மறுபடி ஓட்டு. மொத்தம் ஒன்பது வரி.

“முதல் வரி. கம்பி ஜன்னல். பக்கத்தில் ஆச்சரியக்குறி” என்றார் அப்பா. “ஆரம்பத்திலேயே ஆச்சரியப்படுகிறார்கள், தம்பி. அடுத்து சாய்ந்த கோடு.”

“எந்தப் பக்கம் சாய்ந்தது, ஐயா?”

அப்பா ஒரு கணம் யோசித்தார். “தென்காசிப் பக்கம்.”

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. வரைபடத்தில் எங்களுக்குக் கிழக்கே தென்காசி, மேற்கே ஆரியங்காவு. கணிப்பொறி உலகம் வலப்பக்கமும் இடப்பக்கமும் சாய்ந்த இந்த இரண்டு கோட்டையும் குழப்பிக்கொண்டு எத்தனை நாளை வீணடித்திருக்கிறது!

“இரண்டாம் வரி. பெயர். அதற்குப் பிறகு விபூதிப் பட்டை. ஆனால் இரண்டுதான் இருக்கிறது, மூன்றாவது அழிந்துவிட்டதா என்று தெரியவில்லை. பட்டைக்கு இரண்டு பக்கமும் இடம் விடக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறான். அப்புறம் மேற்கோள் குறிக்குள்...” என்று இழுத்தவர், வாசிப்பதை நிறுத்தினார்.

“தம்பி, நீ முந்திரிக் கடையில்தானே இருக்கிறாய்?”

“ஆமாம் ஐயா.”

“இங்கே ரைஸ்மில் என்றல்லவா போட்டிருக்கிறது?”

எனக்குக் குளிர்ந்தது. அருவித் தண்ணீரால் அல்ல. அந்த ஸ்கிரிப்டை நான் இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அரிசி ஆலைக்காக எழுதினேன். இரண்டாம் வரியில் அந்த இரண்டு பட்டைக்கு, அதாவது சமக்குறிக்கு, அப்புறம் இருப்பது அவர்களுடைய அடைவின், அதாவது கோப்புகளை வைக்கும் ஃபோல்டரின், பெயர். அந்த அடைவுக்குள் போய்ப் பழையதை அழி என்பது ஏழாம் வரி. முந்திரிக் கடைப் பெட்டியில் அப்படி ஓர் அடைவே இல்லை. உள்ளே போக முடியவில்லை என்று ஒரு முணுமுணுப்போடு, ஸ்கிரிப்ட் நின்ற இடத்திலேயே நின்று அழிக்கும் கட்டளையை நிறைவேற்றிவிடும். நின்ற இடம், வியாபாரியின் மொத்தப் பழைய கணக்கும் இருக்கும் இடம். போக முடியாவிட்டால் அங்கேயே நின்றுவிடு என்று இரண்டு நெட்டுக் கோடும் ஒரு சொல்லும் சேர்த்திருந்தால் போதும். நான் சேர்க்கவில்லை. அப்போது அவசரம்.

“பெயரை மாற்றிப் போடு, தம்பி. இவன் மாதிரியைப் பார்த்து எழுதியிருக்கிறான், சொத்துக்காரனைப் பார்க்கவில்லை” என்றார் அப்பா.

எங்கள் ஊர் 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அதனால் மூலப் பத்திரங்களில் மலையாளத்துக் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். 825ஐக் கூட்டினால்தான் ஆங்கில ஆண்டு ஏறக்குறைய வரும். அப்பா தொழிலுக்கு வந்த புதிதில் பழைய பத்திரம் ஒன்றை மாதிரியாக வைத்துப் புதிது எழுதினாராம். வாங்குபவர், விற்பவர், சர்வே எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். வடக்கு எல்லையை மட்டும் மறந்துவிட்டார். வேறு யாருடைய தோப்போ இவருடைய வடக்கு எல்லையாகிவிட்டது. அதற்குப் பிறகு எதைக் கையில் எடுத்தாலும், மளிகைச் சீட்டாக இருந்தாலும், முதலில் பெயர், பிறகு நான்கு எல்லை. இந்தக் கதையை நான் சிறுவயதிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி வரிகள் சுமுகமாக முடிந்தன. டாலர் குறி “ஆணி அடித்த எஸ்”, நெளி அடைப்பு “இடப்பக்கத்து மீசை”. கடைசியில் எந்த நேரத்துக்கு ஓட வேண்டும் என்ற வரி. “முப்பது, இரண்டு, அப்புறம் மூன்று நட்சத்திரம். என்ன நட்சத்திரம் என்று போடவில்லை” என்றார். தினமும் இரண்டரை மணிக்கு என்று அதற்குப் பொருள். நான் போனை வாங்கி, எல்லாம் சரி என்று தம்பியைப் பாராட்டிவிட்டு வைத்தேன். மதியச் சாப்பாட்டின்போது சித்தப்பா, அப்பாவுக்கும் கணிப்பொறி தெரியுமா என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை, மோரை ஊற்றிக்கொண்டார்.

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு முந்திரி வியாபாரி அழைத்தார். லாரி நிற்கிறது, ஆள் நிற்கிறது, பில் மட்டும் வரவில்லை. அவருடைய மலையாளத்தில் எனக்குப் புரியாத சொற்கள் சில இருந்தன. அவற்றின் பொருள் நன்றாகவே புரிந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு சர்வரை நிறுவியபடியே விட்டால் அது கிரீன்விச் நேரத்தில்தான் ஓடும். அதன் இரண்டரை மணி நமக்குச் சரியாகக் காலை எட்டு. பேக்கப் எடுப்பதற்காக என் ஸ்கிரிப்ட் பில் மென்பொருளை மரியாதையாக நிறுத்தி வைத்திருந்தது.

“ஐயா சரியாகத்தானே வாசித்தார்?” என்றான் தம்பி.

அப்பாவிடம் போனேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இரண்டரை என்றால் எந்தக் கணக்கில் இரண்டரை? கொல்லம் என்று முன்னால் போடாமல் யாராவது ஆண்டை எழுதுவார்களா?” என்றவர், நோட்டை வாங்கி, நேரத்துக்குப் பக்கத்தில் நீல மையில் ‘கிரீன்விச்சு’ என்று எழுதினார். தமிழ் எழுத்தில்தான். பிறகு ஒன்பது வரிக்கும் கீழே, பத்திரத்தின் அடியில் எழுதும் அதே முத்துமுத்தான கையெழுத்தில்:

‘2ஆம் வரியில் பெயர் அடித்து எழுதியது 1. ஓடும் நேரத்துக்குப் பக்கத்தில் சேர்த்து எழுதியது 1.’

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, திருத்தம் உள்ள இடத்தில் எழுதிக்கொடுப்பவர் சுருக்கொப்பம் இட வேண்டும் என்று சொல்கிறதாம். பேனாவை என்னிடம் நீட்டினார். போட்டேன்.

இப்போது தம்பி என் எண்ணுக்கு அழைத்தால், நான் எடுத்ததும் அவன் முதலில் கேட்பது, “ஐயா இருக்கிறாரா?”