எட்டு மணி மாத்திரையோடு பனிப்பாளத்துக்கு

விமானம் ஏறுவதற்கு நான்கு நாட்கள் முன்பே என் கிரீன்லாந்துப் பயணம் தொடங்கிவிட்டது. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் லெவெடிரசெட்டாம் என்ற வலிப்பு மாத்திரை போடுகிறவள் நான். நான் வசிக்கும் கோபன்ஹேகனுக்கும் நான் போகவிருந்த கிரீன்லாந்து ஊரான கங்கர்லுசுவாக்குக்கும் அக்டோபரில் நான்கு மணி நேர வித்தியாசம். பழைய கணக்கிலேயே இருந்தால் அங்கே விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து மாத்திரை போட வேண்டும். தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் எனக்கு வலிப்பு வரும். அதனால் மருத்துவர் சொன்னபடி நாளுக்கு ஒரு மணி நேரமாகத் தள்ளித் தள்ளி, கிரீன்லாந்தின் எட்டு மணிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

2019 அக்டோபர் கடைசி வாரம். போலார் சர்க்கிள் மாரத்தான், 42.195 கிலோமீட்டர். அலுவலகத்தில் எல்லோரும் குளிரைப் பற்றியே கேட்டார்கள். குளிருக்கு உடை இருக்கிறது. எனக்குப் பயம் தூக்கத்தைப் பற்றித்தான்.

கூட ஓட வந்தவன் என் தம்பி. மதுரையில் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில், பதினான்கு வயதில் நான் முதன்முதலாக விழுந்தபோது யாரோ என் கையில் சாவிக் கொத்தைத் திணித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஏழாம் வகுப்புப் பையன் அவன். இரும்பு எதையும் நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, நேரம் பார்க்க வேண்டும். இதெல்லாம் எங்கள் வீட்டுக்குத் தெரியவரப் பல வருடங்கள் ஆயின. அம்மா எந்தப் படிவத்திலும் என் நோயை எழுதவிட மாட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடிக்கடி வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக எழுதிவைத்திருந்த சட்டம், 1999-இல்தான் அந்தச் சொல்லை நீக்கியது. பெண்ணைப் பெற்றவர் வேறு என்ன செய்வார்? நானும் கல்லூரி விடுதியில் குளியலறைக்குள் போய்த்தான் மாத்திரை விழுங்குவேன்.

இந்தப் போட்டிக்குப் பதிவு செய்த அன்று, ஏற்பாட்டாளர்களுக்கு என் நோய், மருந்து, வந்தால் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். மருத்துவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: முன்னறிகுறி வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். எத்தனையாவது கிலோமீட்டராக இருந்தாலும் சரி.

போட்டிக்கு முந்திய இரவு வானத்தில் பச்சை ஒளி ஆடியது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். நான் ஒன்பது மணிக்கே படுத்துவிட்டேன். கண்ணாடிக்கு அப்பால் அவர்கள் கூவுவது கேட்டது. திரையை இழுத்து மூடிக்கொண்டேன்.

காலையில் இருட்டோடு பஸ் கிளம்பியது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் கார்களைச் சோதிப்பதற்காகப் போட்ட சரளைச் சாலை அது. சுமார் 35 கிலோமீட்டர் ஏறிப் பனிப்பாளத்தின் விளிம்பில் முடிகிறது. அங்கே முதல் சில கிலோமீட்டர்கள் பனியின் மேலேயே ஓட்டம். காலணிக்கடியில் மாட்டிய கம்பி முட்கள் ஒவ்வோர் அடிக்கும் உப்பை அரைப்பதுபோல் ஒலி எழுப்பின. எங்கும் வெண்மை, இடையிடையே விரிசல்களில் மயில்கழுத்து நீலம். மூச்சு கழுத்துத் துணியில் உறைந்து தகடாகிவிட்டது. தம்பி அடிக்கடி நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி, வலிப்பை நிறுத்தக் கன்னத்துக்குள் விடும் மிடசோலாம் மருந்துக் குழல். வெளியே வைத்தால் உறைந்துபோகும்.

பனியிலிருந்து இறங்கி ரஸ்ஸல் பனியாற்றைத் தாண்டியபின் ஏற்ற இறக்கமான சாலைதான். தொலைவில் கஸ்தூரி எருதுகள் கருங்கற்களைப்போல் நின்றன. 29-ஆவது கிலோமீட்டர்வரை கால்கள் நன்றாகவே இருந்தன. அப்போது ஒரு வளைவு வந்தது. இங்கே முன்பே வந்திருக்கிறேன் என்று தோன்றியது. இந்த மண்மேடு, இந்தக் காற்று, தம்பியின் இந்த நீலத் தொப்பி, எல்லாமே பழகியவை. கிரீன்லாந்துக்கு நான் வருவது அதுவே முதல் முறை. வயிற்றிலிருந்து ஏதோ மேலேறியது, நாக்கில் செப்புக் காசின் சுவை.

"தம்பி, வருகிறது."

சாலையோரம் உட்காரவைத்துத் தன் முதுகால் காற்றை மறைத்தபடி கடிகாரத்தைப் பார்த்தான். நாற்பது விநாடி. அதற்குமேல் போகவில்லை. எழுந்து நின்றேன். கால்கள் ஓடத் தயாராக இருந்தன. இன்னும் பதின்மூன்று கிலோமீட்டர்; நடந்தே போய்விடலாம்.

"அக்கா," என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

அடுத்து வந்த வண்டியைக் கை காட்டி நிறுத்தினோம். உள்ளே ஏறியதும் அழுதேன். அவன் என் கையுறையைக் கழற்றி விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

இரவு உணவுக் கூடத்தில் எட்டு மணிக்கு என் கைக்கடிகாரம் ஒலித்தது. மேசையிலேயே மாத்திரையை எடுத்து விழுங்கினேன். எதிரே இருந்த டென்மார்க் அம்மையார் என்ன மருந்து என்று கேட்டார். சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்து, "வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்றார். தம்பி உள்பையிலிருந்து மருந்துக் குழலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.