நீட் ரெண்டாவது அட்டெம்ப்ட்: தமிழ் மீடியம்ல எழுதப்போற தம்பி தங்கச்சிகளுக்கு

2025 ஜூன் 14 நீட் ரிசல்ட் வந்துச்சு, 424. போன வருஷம் 248. அம்மா என் போனை வாங்கி வாங்கி அந்த நம்பரையே பாத்துட்டு இருந்தாங்க, ராத்திரிதான் எனக்கு அழுகையே வந்துச்சு. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்தான், தமிழ் மீடியம். அதனால கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு மெடிக்கல் சீட்ல இருக்குற 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு இன்னும் ரேங்க் லிஸ்ட்டுக்காக காத்திருக்கேன். மனசு ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு தோணுச்சு.

என்சிஇஆர்டி படிங்க, மாக் டெஸ்ட் போடுங்கன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, அதை விட்டுடுறேன். எனக்கு மார்க்கை மாத்தினது ஒரு நோட்டு.

போன வருஷம் ஆன்ஸர் கீ வந்ததும் உக்காந்து எண்ணினேன். 172 கேள்வி போட்டிருக்கேன், 84 சரி, 88 தப்பு. தப்பான ஒவ்வொண்ணையும் இங்கிலீஷ் பக்கத்துல திரும்ப படிச்சா, இருபதுக்கு மேல எனக்கு நல்லா தெரிஞ்ச கேள்விங்க. தமிழ்ல இருந்த வார்த்தை நம்ம சமச்சீர் புக்குல படிச்ச வார்த்தை மாதிரி இல்லாததால வேற எதையோ கேக்குறாங்கன்னு நினைச்சு போட்டிருக்கேன். புக்லெட்ல ரெண்டு மொழியும் இருக்கும், மொழிபெயர்ப்புல குழப்பம்னா இங்கிலீஷ்தான் இறுதின்னு அதுலயே போட்டிருக்கும், நான் அந்தப் பக்கம் கண்ணைக்கூட திருப்பல, பயம். 2018ல 49 கேள்வி தமிழ்ல தப்பா இருக்குன்னு மதுரை ஹைகோர்ட் கிளை 196 மார்க் தரச் சொல்லி, அதை சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. அதனால கோர்ட்டை நம்பி உக்கார முடியாது, நம்மளே ரெண்டு பக்கமும் படிச்சாகணும்.

அந்த வாரமே ஒரு நீள நோட்டு வாங்கினேன். நடுவுல கோடு, இடது பக்கம் சமச்சீர் தமிழ் வார்த்தை, வலது பக்கம் இங்கிலீஷ் ஸ்பெல்லிங். மீச்சிற்றளவுன்னா லீஸ்ட் கவுண்ட், கணத்தாக்குன்னா இம்பல்ஸ், பாகுநிலைன்னா விஸ்காசிட்டி, நீராவிப்போக்குன்னா ட்ரான்ஸ்பிரேஷன். பூவுல சூற்பைன்னு படிக்கிறோம், மனுஷ உடம்புல அண்டகம்னு படிக்கிறோம், இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஓவரிதான், இது தெரியாம நான் ஒரு டெஸ்ட்ல முழிச்சிருக்கேன். ஒரு நாளைக்கு பதினஞ்சு வார்த்தை, அதுக்கு மேல எழுதினா நிக்காது. டிசம்பருக்குள்ள ஒரு கேள்வியை இங்கிலீஷ்ல படிச்சு தமிழ்ல யோசிக்கிற அளவுக்கு வந்துட்டேன். இங்கிலீஷ் பேச வரணும்னே இல்ல, கேள்வியில வர்ற வார்த்தை கண்ணுக்குப் பழகினா போதும். கூற்று-காரணம் கேள்விக்கு மட்டும் ரெண்டு பக்கமும் கண்டிப்பா படிங்க, ‘நாட்’, ‘இன்கரெக்ட்’ இந்த ரெண்டு வார்த்தையையும் வட்டம் போடுங்க.

இந்த வருஷம் மே 4 எக்ஸாம்ல சாய்ஸும் இல்ல, கூடுதலா இருந்த 20 நிமிஷமும் இல்ல, 180 கேள்விக்கு 180 நிமிஷம். பிசிக்ஸ் ரொம்ப கஷ்டமா வந்துச்சு, முதல்ல அதைத் தொட்டிருந்தா அங்கயே உடைஞ்சிருப்பேன். நான் செஞ்சது:

- பயாலஜி முதல்ல, 50 நிமிஷம். கேள்வி 91ல ஆரம்பிக்கும், வட்டம் நிரப்புற ஓஎம்ஆர் விடைத்தாள்லயும் 91ல தான் ஆரம்பிக்கிறோமான்னு விரல் வெச்சு பாருங்க.
- பத்து கேள்விக்கு ஒரு தடவை வட்டம் நிரப்பினேன். கடைசியில நிரப்பலாம்னு விடவே விடாதீங்க.
- கெமிஸ்ட்ரி 50, மிச்சம் பிசிக்ஸ்.
- தப்புக்கு மார்க் குறையும், அதனால ரெண்டு ஆப்ஷனைத் தூக்க முடியலன்னா அந்தக் கேள்வியை விட்டுட்டேன். இந்தத் தடவை 141தான் போட்டேன், 113 சரி, 28 தப்பு.

நான் பயந்த சுபாவம், அதனால விடுறது எனக்கு செட் ஆச்சு. தைரியமா கெஸ் பண்ணி ஜெயிக்கிறவங்களும் இருக்காங்க, மாக் டெஸ்ட்ல உங்க கெஸ் எத்தனை சரியாகுதுன்னு எண்ணிப் பாத்து முடிவு பண்ணுங்க.

7.5ல போறவங்க, ஆறாவதுல இருந்து படிச்ச எல்லா ஸ்கூல்லயும் படிப்புச் சான்று இப்பவே வாங்கி வைங்க. எனக்கு எட்டு வரைக்கும் வேற ஊரு ஸ்கூல், திங்கட்கிழமை அப்பாவோட பஸ் ஏறி அதை வாங்கத்தான் போறேன்.