ஹிஸ்டமின் குறைந்தால் மருந்து வேலை செய்ததாகிவிடாது

அலர்ஜிக்கான கண் சொட்டு மருந்தை மனித மாஸ்ட் செல்களில் (அலர்ஜியில் அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமினை வெளிவிடும் செல்கள்) சோதிக்கும்போது ஹிஸ்டமினை அளப்பது எளிது. அந்த எண் எதனால் வந்தது என்று பிரித்தறிவதில்தான் நாள்கள் கரையும்.

திசுவைக் கரைக்கும் நொதிகளான கொலாஜினேஸும் ஹயலுரோனிடேஸும் கொண்டு விழிவெண்படலத் (கண்ணின் வெள்ளையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு) திசுவிலிருந்து பிரித்த செல்களை, மருந்தோடு 37 டிகிரியில் 15 நிமிடம் வைக்கிறோம். பிறகு ஆன்டி-ஐஜிஇ (செல்மேல் உள்ள அலர்ஜி எதிர்ப்பொருளான ஐஜிஇ-ஐப் பிணைத்துச் செல்லைத் தூண்டுவது) சேர்த்து இன்னொரு 15 நிமிடம். பனிக்கட்டியில் இறக்கி, மெதுவாகச் சுழற்றி, செல்கள் அடியில் படிந்தபின் மேலே நிற்கும் நீரில் ஹிஸ்டமினை அளக்கிறோம். ஒன்றும் சேர்க்காத குழாய் தானாகக் கசிவதைச் சொல்லும், 0.1% டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சவர்க்காரம் விட்டுச் செல்களை உடைத்த குழாய் மொத்த ஹிஸ்டமினைச் சொல்லும். தானாகவே 10 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் அந்த நாள் முடிவை நம்பக் கூடாது. பைப்பெட்டை வேகமாக இழுத்தாலே செல்கள் கிழியும்.

கடைப் பாட்டிலை அப்படியே ஊற்றிச் சோதிப்பதுதான் பெரிய தவறு. அலர்ஜி மருந்தான குரோமோலினின் 4% சொட்டில் 0.1% டைசோடியம் எடிடேட்டும் இருக்கும். அது ஏறக்குறைய 2.7 மில்லிமோலார். செல்களை வைத்திருக்கும் டைரோடு உப்புக் கரைசலில் கால்சியமே 1.8 மில்லிமோலார்தான். எடிடேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டால், ஐஜிஇ வழியாக வரவேண்டிய ஹிஸ்டமின் வராது. "மருந்து தடுத்துவிட்டது" என்று எழுதிவிடுவோம். பதப்படுத்தியான பென்சால்கோனியம் குளோரைடு நேர்மாறு: செல் சவ்வையே கரைத்து ஹிஸ்டமினைக் கொட்டவைக்கும். அதனால் தூய மருந்துப் பொடி, மருந்தில்லாத அடிக்கரைசல் இரண்டையும் தனித்தனியே ஓட்டியாக வேண்டும்.

மருந்தே இரு முகம் காட்டுவதும் உண்டு. சில ஆன்டிஹிஸ்டமின்கள் குறைந்த செறிவில் ஹிஸ்டமின் வெளியேற்றத்தைத் தடுக்கும். செறிவு ஏறினால் சவ்வைக் குலைத்து அவையே வெளியேற்றும். கெட்டோடிஃபென் இந்த வகை. ஓலோபட்டடின் சவ்வை அவ்வளவு குலைப்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க ஆன்டி-ஐஜிஇ இல்லாமல் மருந்தை மட்டும் சேர்த்த குழாய் வேண்டும். அதில் செல்லுக்குள் இருக்கவேண்டிய எல்டிஹெச் நொதியும் ஏறினால் அது செல் உடைந்த அடையாளம். கால்சியம் இல்லாத கரைசலிலும் ஹிஸ்டமின் வந்துகொண்டிருந்தால் அது பெரும்பாலும் கசிவுதான்.

எலியின் வயிற்றறை மாஸ்ட் செல்களை நன்றாக அடக்கும் குரோமோலின், மனித விழிவெண்படல மாஸ்ட் செல்களில் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. எலித் தரவை வைத்து மனிதக் கண்ணுக்குச் செறிவை முடிவு செய்ய எங்களுக்கு மனம் வராதது இதனால்தான்.